சாயத்தொட்டியில் வெள்ளிப்பொடி

தண்ணீர் சிவப்பாகவே இருந்தது. விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை.

பட்டறைக்குப் பின்னால், வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போட்ட மேஜையின் மேல் அகலமான கண்ணாடித் தட்டு. தட்டு நிறையச் சாயத்தண்ணீர். அதன் அடியில், திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகப் படிந்து கிடந்தது பொடியம்மாவின் பொடி. அதை அவள் குச்சியால் கலக்கிவிட்டாள். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, அழைத்த வீட்டுக்கு வந்து உட்காரும் விருந்தாளி போல மறுபடியும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலையேன்!" என்று அதனிடமே கேட்டாள்.

பொடியம்மா என்பது பட்டறை ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர். மூக்குப்பொடிக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கல்யாணமாகி இந்தச் சாயப்பட்டறைக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோதே ஆராய்ச்சிக்கூடத்தில் ஏதோ பொடி செய்கிறாள் என்று பேச்சு பரவியிருந்தது. மறுநாளே பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பொடி ஒன்றும் லேசுப்பட்டதல்ல. சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கிற டைட்டானியம் டை ஆக்சைடுதான் அது. அதைக் கண்ணுக்குத் தெரியாத நானோ அளவில் செய்து, ஒவ்வொரு துகளின் மேலும் அதைவிடச் சின்னதாக வெள்ளியைப் பொட்டு வைத்ததுபோல் ஒட்டவைப்பாள். வெள்ளி இல்லாத வெறும் பொடி புற ஊதாக் கதிர் இருந்தால்தான் வேலை செய்வேன் என்று வீம்பு பிடிக்கும். அதற்குத் தனி விளக்கு, தனி மின்சாரம். வெள்ளி வைத்த பொடிக்கு அந்த வீம்பு கிடையாது. நாம் பார்க்கிற சாதாரண வெளிச்சமே போதும். தண்ணீரில் இருக்கிற சாயத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டுவிடும்.

அதாவது, ஆராய்ச்சிக்கூடத்தில் உடைத்துப் போட்டது. இங்கே வந்து மக்கர் பண்ணிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பட்டறை வாசலில் வந்து நின்றார். பட்டறையை ஒட்டி ஓடும் கால்வாய் சிவப்பாகப் போவதைத் தெருவே திரண்டு போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டது. அன்றைக்கே பூட்டியிருப்பார். பொடியம்மாவின் கணவன்தான் குறுக்கே விழுந்து, "ஒரே ஒரு வாய்ப்பு கொடுங்க சார், தண்ணியைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டறோம்" என்று வாக்குக் கொடுத்தான். அதிகாரியும் சரி என்றார். காட்டினால் அவகாசம், காட்டாவிட்டால் பூட்டு.

அந்த நாள் இன்றுதான். அவர் மத்தியானம் வருகிறார்.

"ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் கணவன். துணி வாங்குகிறவர்களைப் பார்த்துப் பேசுவது அவன் வேலை. சாயத்தில் கை வைக்க மாட்டான். காலையிலேயே வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு தயாராக இருந்தான்.

"என்ன ஆச்சா?"

"தண்ணி வெளுத்துச்சான்னு கேட்டேன்."

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? சிவப்பா இருக்கா, பச்சையா இருக்கா?"

அவன் தட்டை எட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது. "லேப்ல ஆச்சே?"

"லேப்ல ஆச்சு. இங்க ஆகலை. நேத்து பொடி ஜாடியைத் திறந்து வச்சது யாரு?"

"எந்த ஜாடி?"

"மூடி ஒரு பக்கம், ஜாடி ஒரு பக்கம் கிடந்துச்சு. ஈரம் பட்டிருக்கும். அதான் கட்டி கட்டியா நிக்குது."

"அதைத் திறந்து நான் என்ன பல்லா விளக்கப் போறேன்? எதுக்கெடுத்தாலும் என் தலையிலயே போடு!"

"உங்க தலையில போடாம? அதிகாரிகிட்ட வாக்கு கொடுத்தது நீங்கதானே? யாரைக் கேட்டு வாக்கு கொடுத்தீங்க?"

"நீதானே வீடியோ அனுப்பின? செவப்புத் தண்ணி நிமிஷமா வெள்ளையாச்சே! அதை நான் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கேன் தெரியுமா?"

அனுப்பியது அவள்தான். அதுவும் இதயப் படமெல்லாம் போட்டு அனுப்பினாள்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே போன பிறகு தன் ஆராய்ச்சி வழிகாட்டிக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். குரலை அடக்கிப் பேசினார்.

"அமிலத்தன்மை பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார். சரி பண்ணிட்டுத்தான் போட்டேன்."

"வெளிச்சம்?"

"வெயில் சார். கொளுத்துது."

"அதான் பிரச்சினை. வெயில் ஒரே சீரா இருக்காது. நீ லேப்புக்கு வந்து விளக்கு வச்சுப் பண்ணு. சரியா வரும். வச்சுடட்டுமா?"

வைத்துவிட்டார். உச்சந்தலை பிளக்கிற வெயிலைக் குறை சொல்ல அவரால்தான் முடியும். கால்வாய்த் தண்ணீரையெல்லாம் தூக்கிக்கொண்டு லேப்புக்கு ஓடவா முடியும்? போனை மேஜை மேல் விட்டெறிந்தாள். அது தட்டில் இடித்து, சாயத்தண்ணீர் அவள் மேலேயே தெறித்தது.

நான்காவது தடவைக்குப் பொடியை மாற்றினாள். ஆகவில்லை. தட்டை மாற்றினாள். ஆகவில்லை. அழுதால் பட்டறை ஆட்கள் பார்ப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளே சாய மாஸ்டரின் சத்தம் கேட்டது. இன்றைக்குப் பூட்டு விழுந்தால் அந்தச் சத்தம் நாளைக்கு இருக்காது. அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் காலையிலிருந்து அவள் இருக்கும் பக்கமாகவே ஏதாவது சாக்குச் சொல்லி நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் மாமியார் வந்தாள், கையில் காபியோடு.

மாமியார் என்றதும் நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிட வேண்டாம். இந்த மாமியாருக்கு மருமகள் என்றால் உயிர். கணவர் போன பிறகு பட்டறையைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவள். ஆட்களுக்கு முதலாளியம்மா. அந்த முதலாளியம்மா, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பிடித்து நிறுத்தி, "என் மருமக வெள்ளியை வச்சுத் தண்ணியை வெளுக்கறா" என்று சொல்லாமல் விடமாட்டாள். பொடியம்மாவுக்கு இன்று இருக்கிற வயிற்றெரிச்சலில் பாதி அதனால்தான். திட்டுகிற மாமியாராக இருந்தால் தோற்றுப்போவது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"குடி முதல்ல. மூஞ்சியைப் பாரு, பேய் அறைஞ்ச மாதிரி."

"வேண்டாம் அத்தை."

"குடின்னா குடி." அத்தை தட்டைப் பார்த்தாள். பார்த்தும் பதறவில்லை. மேஜைக்கு அடியில் இருந்த நீலக் கேனைக் காலால் தட்டினாள். "இதுல மிச்சம் இருக்கே. பேசாம நான் அனுப்பற தண்ணியிலயே செஞ்சு பாரேன். அதுலதான் உன் பொடி நல்லா வேலை செய்யுதே."

வாரா வாரம் அத்தை கைப்பட நிரப்பி, மகனின் ஸ்கூட்டரில் ஏற்றி லேப்புக்கு அனுப்பும் கேன் அது. அந்தத் தண்ணீரில்தான் பொடியம்மா இத்தனை மாதமாகச் சோதனை செய்துகொண்டிருக்கிறாள்.

"அதுவும் இதுவும் ஒண்ணுதானே அத்தை? எதுல செஞ்சா என்ன?"

"ஒண்ணா?" அத்தைக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "நல்லாருக்கே! நாலு படிச்சவங்க உக்கார்ந்திருக்கற இடம். அங்க போய் நம்ம வீட்டுச் சாக்கடையை அனுப்புவேனா? குடிக்கற தண்ணியைப் பிடிச்சு, அதுல புதுச் சாயத்தைக் கரைச்சு, துணியில வடிகட்டி அனுப்புவேன். ஒரு தூசு இருக்காது."

பொடியம்மாவின் கையிலிருந்த காபி அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"வடிகட்டித்தான் அனுப்பினேன்னு சொல்றேன்."

அவள் எழுந்தாள். பைக்குள் கைவிட்டு, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்தாள். பேனா மாதிரி இருக்கும், வீட்டுக்கு வீடு இப்போது இருக்கிறதே, அதுதான். கேன் தண்ணீரில் முக்கினாள். குடிதண்ணீருக்குக் காட்டுகிற எண்தான் காட்டியது. அடுத்து தட்டில் முக்கினாள். எண் விறுவிறுவென்று ஏறி, அதற்கு மேல் காட்ட முடியாமல் கண்ணைச் சிமிட்டியது.

உப்பு.

துணியில் சாயம் ஏற உப்பை அள்ளிக் கொட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். உப்பு வெள்ளியின் மேல் படிந்து அதை மூடிவிடும் என்று தெரியாதா? அதுவும் தெரியும். நானோ துகளையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் தள்ளிவிடும் என்பதும் தெரியும். முதல் கேன் லேப்புக்கு வந்த அன்றே அளந்தும் பார்த்தாள். உப்பு குறைவாக இருந்தது. சந்தேகப்பட வேண்டியவள், நம் பட்டறை எவ்வளவு சுத்தமாக நடக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். இன்று காலையிலிருந்து வெயிலைச் சந்தேகப்பட்டாள், பொடியைச் சந்தேகப்பட்டாள், தட்டை, ஜாடியை, கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டாள். தண்ணீரை மட்டும் சந்தேகப்படவில்லை.

"எத்தனை மாசம் அத்தை!" குரல் உடைந்து வந்தது. "எத்தனை மாசம் நான் நல்ல தண்ணியை உக்கார்ந்து சுத்தம் பண்ணிட்டு இருந்திருக்கேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அத்தையின் முகத்தில் மெதுவாகத்தான் விஷயம் ஏறியது. ஏறியதும் அப்படியே தளர்ந்து, கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உன் பேரு கெடக்கூடாதுன்னுதான் செஞ்சேன். 'இவ புகுந்த வீடு இப்படியா'ன்னு யாரும் மூக்கைப் பிடிக்கக்கூடாதுன்னு."

கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. இப்படி ஒரு பாசத்தை வைத்துக்கொண்டு மனுஷி என்ன செய்வது? பொடியம்மா மேஜையை ஒரு உதை உதைத்தாள். கால் விரல் வலித்ததுதான் மிச்சம்.

அத்தை கேனிலிருந்து எழுந்தாள். "சரி, நடந்தது நடந்து போச்சு. மத்தியானம் அந்த ஆள் வந்ததும் கேன் தண்ணியிலயே செஞ்சு காட்டிடு."

"அத்தை!"

"என்ன அத்தை? உன் பொடி வெளுக்கறது பொய்யா? இல்லையே. உப்புக்கு ஒரு வழி கண்டுபிடிக்கற வரைக்கும் அவகாசம்தானே கேக்கறோம்? உள்ள இத்தனை பேர் இருக்காங்க. எல்லாரும் எங்க போவாங்க?"

"அதுக்காக ஏமாத்தறதா? அவர் போனதும் அதே சிவப்புத் தண்ணிதானே கால்வாய்ல போகும்? அதை என் பேரைச் சொல்லிப் போக விடுவீங்களா?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு இயந்திரம் நின்று மறுபடி ஓடத் தொடங்கியது.

"உன் பேரைச் சொல்லி வேண்டாம்" என்றாள் கடைசியில். "உள்ளதைச் சொல்லிடு. ஆனா உன் புருஷன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிக்கோ."

கணவனிடம் சொன்னாள். வாசலில் நிறுத்தி, ஒன்று விடாமல் சொன்னாள். கேன், உப்பு, வெள்ளி எல்லாவற்றையும். அதிகாரி வந்ததும் அவரிடம் உண்மையைச் சொல்லி, நிஜக் கழிவில் வேலை செய்யப் பொடியை மாற்ற அவகாசம் கேட்கப் போவதாகவும் சொன்னாள். பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தாள்.

"சரி" என்றான் அவன்.

"சரியா?"

"நீதானே சயின்டிஸ்ட். உனக்குத் தெரியாததா?" ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

உப்புச் சப்பில்லாத விஷயத்துக்கே ஊரைக் கூட்டுகிறவன் இதற்கு இவ்வளவு சுலபமாகச் சரி என்றதும், வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குப் பொறி தட்டியிருக்கும். இன்று அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. ஒரு ஆளாவது தொல்லை செய்யவில்லையே என்றுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு மாமியாரும் மருமகளும் ஆபீஸ் அறையை விட்டு நகரவில்லை. சாப்பாடு கொண்டுவந்ததுகூட மூடியபடியே கிடந்தது. அதிகாரியிடம் என்ன சொல்வது என்று பொடியம்மா பேசிப் பார்த்தாள். அத்தை அதிகாரி இடத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"எடுத்த உடனே வேலை செய்யலைன்னு ஆரம்பிக்காதே. நல்லதை முதல்ல சொல்லு."

"நல்லது என்ன இருக்கு அத்தை?"

"ஏன், வெளிச்சத்துலயே வேலை செய்யுதுல்ல? கரண்டு வேண்டாம்ல? அதைச் சொல்லு. அப்புறம் இந்தக் கிழவி செஞ்ச கூத்தைச் சொல்லு. சிரிச்சாலும் சிரிப்பார்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

அதிகாரி குடையோடு வந்தார். சாய நெடி ஒத்துக்கொள்ளாமல் உள்ளே கால் வைத்ததும் தும்மினார். பேச்சில் மரியாதை இருந்தது. முகத்தில், இந்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதும் இருந்தது.

"சார், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..." என்றாள் பொடியம்மா.

"முதல்ல பாருங்க சார்" என்று குறுக்கே புகுந்தான் கணவன். "பேச்சு எப்ப வேணா பேசிக்கலாம்."

"ஆமாம்மா. பாத்துட்டே பேசுவோம்" என்றார் அதிகாரி.

கழிவு கால்வாய்க்குப் போகும் வழியில், அது முதலில் வந்து விழும் பெரிய டிரம் ஒன்று இருந்தது. யாரையும் நம்பாமல் அதிகாரியே வாளியை விட்டு அதிலிருந்து முகந்துகொண்டு வந்தார். அதைப் பார்த்துப் பொடியம்மாவுக்கு அவர் மேல் மதிப்பு வந்தது. சரி, கண்ணெதிரே ஆகாமல் போகட்டும், காரணத்தைச் சொல்வது இன்னும் சுலபம் என்று நினைத்தபடி வாளியைத் தட்டில் ஊற்றிப் பொடியைப் போட்டுக் கலக்கினாள்.

பொடி அடியில் போய் உட்காரவில்லை.

பால் கலந்த மாதிரி தண்ணீரெங்கும் பரவி நின்றது. வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அதிகாரி டீ குடித்தார், இரண்டு போன் பேசினார், மறுபடி தும்மினார். திரும்பிப் பார்த்தபோது ரத்தச் சிவப்பு ரோஜா நிறமாகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் வெளிறியது. வேலையைப் போட்டுவிட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து சுவரோரம் நின்றார்கள். பொடியை வடிகட்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அதிகாரி உயர்த்திக் காட்டினார். டம்ளருக்குப் பின்னால் அவர் விரல் ரேகை தெரிந்தது.

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். சாய மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவன் எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்தான்.

பொடியம்மாவுக்கு ஒரு கணம் உலகமே அழகாக இருந்தது. ஒருவேளை உச்சி வெயிலின் வேலையோ? காலையில் போட்ட பொடிதான் கெட்டுப்போயிருந்ததோ? உப்பையும் மீறி வேலை செய்கிறதோ? அப்படி மட்டும் இருந்தால்! அந்த ஆசையோடுதான் மீட்டரை வாளியின் அடித் தண்ணீரில் முக்கினாள்.

குடிதண்ணீரின் எண்.

யாரோ டிரம்மைக் காலி செய்து, நல்ல தண்ணீர் நிரப்பி, புதுச் சாயத்தைக் கரைத்து வைத்திருக்கிறார்கள்.

"எத்தனையோ பட்டறை பாத்திருக்கேன்மா" என்றார் அதிகாரி. "பொய் சொல்லலை, இதைப் பாத்ததில்லை. இனிமே பூட்டற பேச்சே கிடையாது. இந்தப் பக்கம் இருக்கற மத்த பட்டறைக்கெல்லாம்கூடச் சொல்லப்போறேன். எல்லாரும் இதையே போடட்டும். பட்டறைக் கழிவுல இந்தப் பொடி வேலை செய்யுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் போயிட்டே இருப்பேன்."

ஒரு வார்த்தைகூட வேண்டாம். தலையை ஆட்டினாலே போதும். சுவரோரம் நிற்கிறவர்கள் எல்லோரும் நாளைக்கும் வேலைக்கு வருவார்கள். அத்தை நிம்மதியாகத் தூங்குவாள். எல்லாப் பட்டறைகளும் உப்புத் தண்ணீரில் அந்தப் பொடியைக் கொட்டும். அது கட்டி கட்டியாகக் கால்வாயின் அடியில் போய்ப் படியும். மேலே தண்ணீர் சிவப்பாகவே ஓடும்.

"வேலை செய்யாது சார்" என்றாள்.

கைதட்டலின் மிச்சமும் அடங்கியது.

"என்னம்மா?"

"இது பட்டறைக் கழிவு இல்லை. நல்ல தண்ணியில சாயம் கரைச்சது. கழிவுல உப்பு இருக்கும், இதுல இல்லை. நிஜக் கழிவுல என் பொடி இன்னும் வேலை செய்யலை. காலையிலேருந்து செஞ்சு பாத்துட்டேன்."

சுவரோரம் இருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. யாருடையது என்று பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் இருந்த சந்தோஷம் வடிந்து, இவ்வளவு நேரம் அங்கே இல்லாத வேறொரு ஆள் வந்து நின்றார். "டிரம்லேருந்து நானே முகந்தேன். அப்ப டிரம்மை மாத்தினது யார்? கழிவு இல்லாததைக் கழிவுன்னு எனக்குக் காட்டினா அது வேற கேஸ். பட்டறை பூட்டறதோட முடியாது. மாத்தின ஆள் மேலயே நடவடிக்கை வரும். யார் செஞ்சது?"

பொடியம்மா கணவனைப் பார்த்தாள். அவன் வலது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டிருந்தான். டம்ளரைப் பார்த்துக் கை தட்டியபோதும் இடது கையால் தொடையில்தான் தட்டினான் என்பது இப்போதுதான் உறைத்தது. வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில், பாக்கெட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு. சாயத்தில் கை வைக்கவே வைக்காத மனிதன்.

சொல்லுங்கள், நீங்களே சொல்லுங்கள் என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். அவன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுக்கிற வாய், இப்போது மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டது?

"நான்தான்" என்று ஒரு குரல் வந்தது.

அத்தை.

"நான்தாங்க செஞ்சேன். பட்டறை என் பேர்ல இருக்கு. வேற யாருக்கும் தெரியாது." இரண்டு கைகளையும் அதிகாரியின் முன்னால் விரித்துக் காட்டினாள். வருஷக்கணக்காகச் சாயத்தில் ஊறி, இனி எந்தச் சோப்புக்கும் போகாத சிவப்பு நகக்கண்ணிலும் ரேகையிலும் ஏறியிருந்தது. "பாருங்க. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அதிகாரி வருகிற வரைக்கும் அந்தக் கைகள் ஆபீஸ் அறையில் பொடியம்மாவின் எதிரே மேஜை மேல்தான் இருந்தன.

"அம்மா..." என்றான் கணவன். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை. கையும் பாக்கெட்டிலிருந்து வரவில்லை.

"நீ சும்மா இரு" என்றாள் அத்தை, மகனைப் பார்க்காமலே. நகர்ந்து வந்து மருமகளின் பக்கத்தில் நின்றாள். அவள் முழங்கையைப் பிடித்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "போதும். இதுக்கு மேல வாயைத் திறக்காதே" என்றாள்.

அதிகாரி அத்தையின் கைகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கடைசியில் பொடியம்மாவின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் மரியாதை திரும்பி வந்திருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"இங்க நிக்கற அத்தனை பேர்ல பொய் சொல்லாத ஒரே ஆள் யாருன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது. அதனால உங்களையே கேக்கறேன்மா. நீங்க என்ன சொல்றீங்களோ அதை அப்படியே எடுத்துக்கறேன். செஞ்சது இவங்கதானா?"